ஓட்டிசம் பிள்ளைக்கு: அரச கிளினிக்கா, தனியார் நிலையமா?

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பெற்றோர் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

செலவு: பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை அரசினுடையது, இலவசம். தனியாரில் ஒவ்வொரு அமர்வுக்கும் காசு, அதுவும் மாதக்கணக்கில்.

காத்திருப்பு: அரசில் அதிகம், தனியாரில் குறைவு.

மொழி: இதைத்தான் இரண்டு இடத்திலும் முதலில் கேட்க வேண்டும். பேச்சுச் சிகிச்சை தமிழில் நடந்தால்தான் அம்மாவும் அம்மம்மாவும் அதை வீட்டில் தொடரலாம். ஆங்கிலத்துக்கு மாறச் சொன்னால் அவசரப்படாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசம் அதிகரிக்காது.

பெற்றோருக்கான ஆலோசனை: எங்கே போனாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். உங்களை வெளியே உட்காரவைத்து, உள்ளே நடப்பதைச் சொல்லாத இடம் வேண்டாம்.

காசு மட்டு என்றால் மதிப்பீட்டை அரசில் தொடங்குங்கள். தவணை தள்ளிப்போனால், சின்னப் பிள்ளைக்கு அந்த இடைவெளியில் மட்டும் தனியார் சரி.