லிச்செஸ் ரேட்டிங்: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

லிச்செஸ் தளத்தில் நான் பெரும்பாலும் ஆடுவது பத்து நிமிட ரேபிட் சதுரங்கம். பல ஆண்டுகளாக ஆடிவரும் எனக்கு அத்தளத்தில் மிகவும் பிடித்துப்போனது, ஒருவரின் ரேட்டிங்கை, அதாவது ஆட்டத்திறனை அளக்கும் எண்ணைக் காட்டும்போதே அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடும் நேர்மை.

புதிதாகக் கணக்குத் தொடங்குபவருக்கு 1500 புள்ளிகள் தரப்படுகின்றன; பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறி இருக்கும். அது தொடக்க ஊகம் மட்டுமே என்பதால், முதல் சில ஆட்டங்களில் ஒரே ஓர் ஆட்டத்தின் முடிவுக்கே புள்ளிகள் தாறுமாறாக ஏறி இறங்கும். ஆட்டங்கள் சேரச் சேர, ரேட்டிங் எவ்வளவு தூரம் பிசகியிருக்கலாம் என்பதைக் காட்டும் ரேட்டிங் விலகல் என்ற இன்னோர் எண் குறைந்து 110க்குக் கீழே வந்ததும் கேள்விக்குறி மறைந்துவிடும். புள்ளிவிவரப் பக்கத்தில் இந்த விலகலை எவரும் பார்க்கலாம். பலர் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். ஒருவரின் ரேட்டிங் 1700, விலகல் 50 என்றால், அவருடைய உண்மையான திறன் பெரும்பாலும் 1600க்கும் 1800க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதே அதன் பொருள். அப்படியிருக்க, ஒரே மாலையில் 30 புள்ளிகள் இறங்கிவிட்டன என்று மனமுடைந்துபோக எந்தக் காரணமும் இல்லை.

இத்தகைய கணக்கீட்டுக்கு அடித்தளமிட்டவர், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றிய ஆர்பாட் எலோ. அவருடைய முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி ரேட்டிங்கில் 200 புள்ளிகள் முன்னிலையில் உள்ளவர், வெற்றிக்கு ஒன்று, சமனுக்கு அரை என்ற கணக்கில், நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் எடுக்க வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் ரேட்டிங் ஏறும், குறைந்தால் இறங்கும். ஆனால் நாள்தோறும் ஆடுபவரையும் நெடுநாள் கழித்துத் திரும்பி வருபவரையும் அந்தச் சூத்திரம் ஒன்றாகவே பார்க்கிறது. இக்குறையைக் களைய, மேலே சொன்ன விலகலையும் சேர்த்துப் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் உருவாக்கியதே கிளிக்கோ முறை. ஆட்டக்காரரின் திறனில் காணும் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் கொள்ளும் அதன் அடுத்த வடிவமான கிளிக்கோ-2 லிச்செஸில் இயங்குகிறது.

இதன் விளைவை ஆடும்போதே உணரலாம். சில மாதங்கள் ஆடாமல் இருந்துவிட்டு வந்தால் ரேட்டிங் அப்படியே இருக்கும், விலகல் மட்டும் கூடியிருக்கும். அதனால் முதல் வெற்றிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே புள்ளிகள் கிடைக்கும். கேள்விக்குறியுடன் வரும் ஒருவரிடம் தோற்றால் நமக்குச் சில புள்ளிகளே போகும், அவருக்கோ கணிசமாக ஏறும். ஒருவர் இழப்பதுதான் மற்றவருக்குச் சேர்கிறது என்ற எண்ணம் இங்கே பொருந்தாது.

லிச்செஸ் ரேட்டிங்கை ஃபிடே ரேட்டிங்குடன் ஒப்பிட்டுப் பெருமைப்படுவதும் குமைவதும் வீண். ஒவ்வொரு ரேட்டிங்கும் அந்தந்த இடத்தில் ஆடுபவர்களுக்குள்ளே மட்டும் செல்லுபடியாகும் அளவு. லிச்செஸிலேயே புல்லட், பிளிட்ஸ், ரேபிட் ஆகிய வெவ்வேறு நேர அளவுள்ள ஆட்ட வகைகளுக்குத் தனித்தனி ரேட்டிங் இருப்பதும் இதனால்தான். ஏமாற்றி ஆடியவர் பிடிபட்டால், அவரிடம் இழந்த புள்ளிகள் திரும்பக் கிடைக்கும் ஏற்பாடும் உண்டு. நேர்மையாக ஆடுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ரேட்டிங்கைப் பார்த்தாலே பதற்றம் வருகிறது என்பவர்கள், அமைப்புகளுக்குள் சென்று ஆட்டக்காரர்களின் ரேட்டிங் திரையில் தெரியாதபடி அணைத்துவிடலாம். கணக்கீடு பின்னால் தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் என்பதால், ஏறக்குறைய நம் திறனுக்கு இணையான எதிராளிகளே அப்போதும் கிடைப்பார்கள்.