மஞ்சள் மூட்டையும் பிளாக்செயினும்: நான்கு பருவம் பயன்படுத்திய அனுபவம்

ஈரோடு பக்கம் மஞ்சள் அரைத்து ஏற்றுமதி செய்கிற சின்ன யூனிட் எங்களுடையது. எந்தத் தோட்டத்து மஞ்சள் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று பிளாக்செயினில், அதாவது பலரிடம் நகல் இருக்கிற, பிறகு அழிக்க முடியாத கணினிப் பதிவேட்டில், காட்டினால்தான் அடுத்த ஆர்டர் என்று ஐரோப்பாவில் எங்களிடம் வாங்குகிறவர் சொல்லிவிட்டார், அதனால் 2021 அறுவடையில் இதற்குள் வந்தோம். ஆசைப்பட்டு வரவில்லை. ஆனால் நான்கு பருவம் ஓட்டிய பிறகு இப்போது விட்டுவிடலாமா என்று கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

இந்த பிளாக்செயின் சேவையை விற்க வந்தவர்கள் முதல் நாளே அமெரிக்கக் கடைத்தொடரான வால்மார்ட்டின் கதையைக் காட்டினார்கள். ஐபிஎம்மோடு சேர்ந்து செய்த சோதனையில், நறுக்கிய மாம்பழப் பாக்கெட் ஒன்று எந்தப் பண்ணையில் இருந்து வந்தது என்று பழைய முறையில் தேட ஏறத்தாழ 7 நாள் ஆனதாம், பிளாக்செயினில் 2.2 விநாடி. உண்மையான கணக்குதான். ஆனால் அந்த 2.2 விநாடி தேடுகிற நேரம் மட்டுமே. தேடினால் கிடைப்பதற்கு முதலில் யாராவது உள்ளே போட்டிருக்க வேண்டுமே, அந்த வேலை முழுக்க எங்கள் குடோனில் எடை போடுகிற பையன் தலையில்தான் விழுந்தது.

மஞ்சள் தெரிந்தவர்களுக்குச் சிக்கல் எங்கே என்று புரியும். வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு மூட்டையாக வருகிற வரை அது ஒரு விவசாயியின் சரக்கு. அரவைக்குப் போகும்போது நிறம், குர்குமின் (மஞ்சளுக்கு நிறம் தருகிற சத்து) அளவு பார்த்து ஐந்தாறு பேருடையதைச் சேர்த்துத்தான் அரைப்போம், காலகாலமாக அப்படித்தான். கலந்த பிறகு எந்தத் தொழில்நுட்பத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் கலக்கிற பட்டியலையே பதிவாக்கினோம்: இந்த அரவையில் இன்னின்னார் மூட்டை இத்தனை, எடை இவ்வளவு என்று. உண்மையில் எங்களை மாற்றியது இந்த ஒழுங்குதான்.

முதல் வருடமே ஒரு தவறு நடந்தது. ஒருவருடைய கியூஆர் லேபிளை இன்னொருவருடைய 11 மூட்டைகளில் ஒட்டிவிட்டார்கள். எடைக் கணக்கு இடித்ததால் கண்டுபிடித்தோம், ஆனால் பதிவை அழிக்க முடியாது. ஒவ்வொரு பதிவிலும் அதற்கு முந்தைய பதிவின் கைரேகை மாதிரி ஒன்று இருக்கும், நடுவில் கை வைத்தால் பின்னால் உள்ளது எல்லாம் உடைந்துவிடும். திருத்தம் என்று தனியாக ஒரு பதிவு போட்டோம். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது, இப்போது அது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் நாங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பொய்யும் அதே பத்திரத்தோடு உள்ளே இருந்திருக்கும், இதை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை.

மூன்றாவது பருவத்தில்தான் போட்ட காசுக்குப் பலன் தெரிந்தது. ஒரு அரவையில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாக ஐரோப்பாவில் வாங்குகிறவரிடம் இருந்து மெயில் வந்தது. பத்தே நிமிடத்தில் ஐந்து விவசாயிகள் பெயர் கையில். ஒவ்வொரு மூட்டையிலும் எடுத்து டப்பாவில் போட்டு வைத்திருந்த மாதிரியை லேபுக்கு அனுப்பினோம், ஒருவருடையதில்தான் பிரச்சினை. மற்ற நான்கு பேர் சரக்கு போயிருந்த வேறு அரவைகள் தப்பித்தன. முன்பாக இருந்தால் கண்டெய்னரே திரும்பியிருக்கும். அந்த டப்பாக்கள் இல்லாமல் பிளாக்செயின் மட்டும் இருந்திருந்தால் ஐந்து பேர் மேலும் சந்தேகம் நின்றிருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பதிவின் நகல் யார் யாரிடம் இருக்கிறது? எங்களுக்கு விற்ற நிறுவனம் மூன்று நகல் என்றது, விசாரித்தால் மூன்றும் அவர்கள் சர்வரிலேயே. அப்படியென்றால் அது சாதாரண டேட்டாபேஸ்தான். மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடா நடத்துகிற கிரேப்நெட் என்ற பதிவு முறை, பிளாக்செயின் வருவதற்கு முன்பே பல வருடமாக மகாராஷ்டிரத்துத் திராட்சையைத் தோட்டம் வரை காட்டிக்கொண்டிருந்தது. சண்டை போட்டு ஒரு நகலை எங்களிடம் மஞ்சள் வாங்குகிறவரிடம் வைக்கச் செய்தோம், அப்புறம்தான் அவருக்கும் நம்பிக்கை வந்தது. மாதம் ஒருமுறை எல்லாப் பதிவையும் எங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வைக்கிறோம். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் நடத்திய, கப்பல் சரக்குக்கான டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயினையே 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள், நம்முடையது எத்தனை நாள் என்று யார் சொல்ல முடியும்?

என்னை இன்னும் உறுத்துவது விலைதான். எங்களுக்குப் பல வருடமாகச் சரக்கு தருகிற பெரியவர் ஒருவரிடம் போனில் அவர் பெயர் வருகிற பக்கத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "எம்பேரு சீமைக்குப் போயிருச்சுங்க தம்பி, வெலை மட்டும் இங்கயே நிக்குதுங்களே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. லேபிள் ஒட்டி, மருந்து அடித்த தேதியை எழுதி, போட்டோ எடுத்துக் கொடுக்கிற வேலை அவர்களுடையது. கடையில் அதைக் காட்டி விற்கிறவர் வேறு. போன பருவத்தில் மூட்டைக்கு ஒரு சின்னத் தொகை நாங்களே கையில் இருந்து கொடுத்தோம். இந்தத் தை மாத ஒப்பந்தத்தில் அந்தத் தொகையை வாங்குகிறவர் தர வேண்டும், அது விவசாயிக்குப் போனதும் அதே பிளாக்செயினில் பதிவாக வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.