காருக்குள் மழைத்தண்ணீர்: மூன்று ஐப்பசி பட்ட அனுபவம்

2017-இல் வாங்கிய ஹேட்ச்பேக். மன்னார்குடியில் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில்தான் நிற்கும். ஐந்து வருடம் உள்ளே ஒரு சொட்டு இறங்கியதில்லை. 2022 அடைமழையில்தான் அந்த வாடை வந்தது, ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்த மாதிரி. இடப்பக்க முன்சீட்டுக் கால்மிதியைத் தூக்கினால் கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது.

பட்டறையில் ஏசி தண்ணீர் என்றார்கள். ஏசியின் வடிகுழாய் அடைத்தாலும் அதே இடத்தில்தான் சேரும் என்பதால் நம்பினேன். குழாயை ஊதிக் கொடுத்தார்கள். கோடை முழுக்க ஏசி போட்டு ஓட்டியும் ஈரமில்லை. சரியாகிவிட்டது என்றிருந்தால், அடுத்த கார்த்திகையில் மறுபடியும் அதே இடம், ஏசியே போடாத நாளில். வேறொரு பட்டறையில் முன்கண்ணாடி ஓரம் முழுக்க சிலிக்கான் பூசினார்கள். அடுத்த மழையிலும் நனைந்தது. வழி தெரியாமல் பசை பூசுவது வீண். பின்னால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே இறங்கினோம். மச்சினன் டார்ச்சோடு டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டான். நான் வெளியே ஓஸ் பைப்போடு. அழுத்தமில்லாமல், மழை வழிகிற மாதிரி, ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடம். கீழேயிருந்துதான் மேலே போக வேண்டும். மேலே ஆரம்பித்தால் எல்லாம் நனைந்து எது வழி என்றே தெரியாது. கதவோர ரப்பர் பீடிங்கில் ஒன்றுமில்லை. வைப்பருக்குக் கீழே ஊற்றிய மூன்றாம் நிமிடம், "அத்தான், வருது!" என்றான்.

வைப்பரடி பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினோம். வேப்பம்பூவும் சருகும் மக்கி எருவாகவே கிடந்தது. கண்ணாடியில் வழியும் மழை அந்தப் பள்ளத்தில் விழுந்து, ஓரத்து வடிகால் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். அது அடைத்ததால் தண்ணீர் மட்டம் ஏறி, ஏசி விசிறியான ப்ளோயர் காற்றிழுக்கும் வாய் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. மடை அடைத்தால் வரப்பைத் தாண்டும், அதே கணக்குதான். இரண்டு கை அள்ளியதும் மடமடவென்று வடிந்தது.

ஆனால் பின்சீட்டுக் காலடியிலும் கொஞ்சம் ஈரம் இருந்தது. அது வேறு கதை. ஜன்னல் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறே அல்ல. கதவின் அடியில் உள்ள துளைகளில் வெளியேறிவிடும். உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் அதைக் காருக்குள் வரவிடாமல் தடுக்கிறது. ஸ்பீக்கர் மாட்டியவர்கள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருந்தார்கள். பியூட்டைல் டேப் என்கிற பிசுபிசுப்பான ரப்பர் டேப் வாங்கி ஒட்டினோம். கதவடித் துளைகளையும் கம்பியால் குத்திவிட்டோம்.

காய வைப்பதுதான் பெரிய வேலை. மேலே தொட்டால் உலர்ந்திருக்கும், கார்ப்பெட்டின் அடி பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். சீட்டைக் கழற்றாமல் அது காயாது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக் ஒயர். பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் விட்ட பிறகே கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் பட்டறையில் விடுவதே நல்லது. மொட்டைமாடியில் நெல் உலர்த்துகிற மாதிரி புரட்டிப் புரட்டி நான்கு நாள் ஆயிற்று. தரைத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. சுரண்டி, ப்ரைமர் அடித்து, பெயிண்ட் பூசினேன்.

இன்னொன்று: ஈரம் பிசுபிசுப்பாக, நிறத்தோடு, இனிப்பு வாடையோடு இருந்தால் அது மழைத்தண்ணீரும் இல்லை, ஏசியும் இல்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். உடனே பட்டறைக்குப் போக வேண்டும்.

2024 மழையில் தினமும் கால்மிதிக்கு அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். ஒருநாளும் நனையவில்லை. மரக்கிளையை வெட்டச் சொன்னவர்கள் உண்டு, மனசு வரவில்லை. சித்திரையில் பூ கொட்டி முடிந்ததும் ஒரு தடவை, ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை அந்த மூடியைத் திறந்து கையால் அள்ளிவிடுகிறேன்.