சதுப்பில் ரெட்ஃபிஷ் பிடிக்க ஸ்கிஃப்பா, கயாக்கா?

செப்டம்பர் பிறந்துவிட்டால் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் பக்கம் ஃப்ளை ராடு (ஃப்ளை எனும் இலேசான போலி இரையை வீசும் தூண்டில் கோல்) வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும், கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையில்தான் கண். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, துறைமுக அளவுமானியில் ஏறத்தாழ 6 அடியைத் தாண்டும் ஏற்றம் வந்தால், மற்ற நாட்களில் காய்ந்து கிடக்கும் குட்டைப்புல் மேடுகளிலும் தண்ணீர் புகும். அங்கே வளை தோண்டி வாழும் ஃபிட்லர் நண்டுகளைத் தேடி ரெட்ஃபிஷ் என்ற கடல்மீன் புல்லுக்குள் வரும். தலையைக் கவிழ்த்துக் கிளறும்போது கரும்புள்ளி போட்ட வால் நீருக்கு மேலே ஆடும். குளிர் வந்து நண்டுகள் வளைக்குள் அடங்கியதும் இந்த வேட்டை முடிந்துவிடும்.

இதற்கு ஆழமில்லாத நீரில் ஓடும் ஸ்கிஃப் என்ற எஞ்சின் படகு வாங்கலாமா, துடுப்புப் போடும் சிறிய கயாக் போதுமா என்று நானும் வெகுநாள் கணக்குப் போட்டேன். கடைசியில் கயாக்தான் வாங்கினேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஸ்கிஃப் என்றால் பல்லாயிரம் டாலர், கயாக் ஆயிரம் இரண்டாயிரத்தில் முடியும். வேகத்தில் ஸ்கிஃப்புக்குப் பக்கத்தில்கூட கயாக் வராது. இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவைதான்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. உப்புநீரில் இறங்கிய எஞ்சினை ஒவ்வொரு முறையும் நன்னீர் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். சேறும் மணலும் உறிஞ்சி வாட்டர் பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேயும். படகை ஏற்றி நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான டிரெய்லர் சக்கரத்தை அப்படியே தண்ணீரில் இறக்கினால், பேரிங் குளிர்ந்து சுருங்கும்போது உப்புநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸ் அடிக்காமல் விட்டால் துரு பிடித்துவிடும். விளக்கு ஒயர்கள் பச்சை பூக்கும். இவை போதாதென்று கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) ஆண்டுதோறும் படகு வரி வேறு.

இவற்றைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. புல்மேடு மூழ்கும் நாட்கள் மாதத்தில் சிலவே. அந்த நாட்களிலும் நல்ல நீர் நிற்பது இரண்டு மூன்று மணி நேரம். வேலைக்குப் போகிறவருக்கு அதிலும் பாதிதான் வாய்க்கும். மிச்ச நாளெல்லாம் படகு வீட்டில் நிற்கும், நிற்கிற எஞ்சின்தான் சீக்கிரம் கெடும். இங்கே கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு டேங்கிலும் கார்ப்பரேட்டரிலும் தன் வேலையைக் காட்டும். ஆக, எதற்காகப் படகு வாங்குகிறோமோ அந்த மீன்பிடிப்பின் கால அட்டவணையே படகுக்குப் பகை. கயாக்கை ஹோஸில் கழுவி நிழலில் கவிழ்த்து வைத்தால் போதும். அடுத்த பௌர்ணமி வரை அதை நினைக்கவே வேண்டாம்.

தண்ணீரிலும் இந்த ஒரு வேட்டைக்குக் கயாக்தான் பொருந்துகிறது. ஓடையில் காத்திருந்து, நீர் புல்லில் ஏறியதும் கயாக்கைக் கட்டிவிட்டு இறங்கி நடக்கலாம். குட்டைப்புல் மேட்டில் அடி மணல் கெட்டியாக இருக்கும். சிப்பி கிழிக்காத பூட்ஸ் போட்டு, திருக்கை இருந்தால் விலகிப் போகும்படி காலைத் தேய்த்தபடி நடக்க வேண்டும். 8 எடை ராடு (எண் அது வீசும் லைனின் கனத்தைக் குறிக்கும்), மிதக்கும் லைன், அதன் நுனியில் கட்டும் 9 அடி மெல்லிய லீடர், புல்லில் மாட்டாத தடுப்புள்ள நண்டு ஃப்ளை, இவ்வளவு போதும். சத்தமில்லாமல் நடந்தால் 30 அடியிலிருந்தே மீனின் மூக்குக்கு முன்னால் ஃப்ளையை வைக்கலாம். ஸ்கிஃப்பில் இருப்பவர் ஓதம் திரும்பியதும் கிளம்பியாக வேண்டும். தாமதித்தால் படகு புல்மேட்டில் தட்டிவிடும். அடுத்த ஏற்றம் 12 மணி நேரம் கழித்துத்தான். அதுவும் இன்றைய அளவுக்கு ஏறாவிட்டால் படகு அங்கேயே கிடக்கும். கயாக்கை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

நீர் வடிந்து கிடக்கும் வற்றத்தில் கதை வேறு. அப்போது மீன் சேற்றுத் திட்டுகளின் ஓரம் கூட்டமாக நிற்கும். அந்தச் சேற்றில் கால் வைத்தால் தொடை வரை புதையும். கயாக்கில் உட்கார்ந்தால் மீன் கண்ணுக்குத் தெரியாது. படகின் பின்புற மேடையில் நின்று ஒருவர் கழி ஊன்றித் தள்ள, இன்னொருவர் முன்னால் நின்று வீசும் ஸ்கிஃப்தான் அங்கே சரி. வடகிழக்குக் காற்று பலத்தால் துறைமுகத்தின் அகன்ற நீரைக் கயாக்கில் கடக்கவே கூடாது. லூசியானாவின் மெத்தென்ற சதுப்புக்கும் ஸ்கிஃப் வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் அங்கே பிறர் படகில் விருந்தாளியாகப் போன அனுபவம்தான் எனக்கு, அதனால் என் சொல்லுக்கு அங்கே பாதி மதிப்புக் கொடுத்தால் போதும். மறுவிற்பனையிலும் நல்ல ஸ்கிஃப் விலை தாங்கும். பிளாஸ்டிக் கயாக் தாங்காது.

ஸ்கிஃப் வைத்திருக்கும் நண்பர் இருந்தால், வற்ற நாட்களில் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு அவருக்காகக் கழி ஊன்றப் போங்கள். புல்மேடு மூழ்கும் மாலைகளில் அவரை உங்களோடு நடக்கக் கூப்பிடுங்கள்.