துப்பாக்கி பீரோவில் சிலிகா ஜெல்: நாலு மழைக்காலத்துக்குப் பிறகு

ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு சிலிகா ஜெல் மணியின் விலை இறங்கியிருக்கிறதே, இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கி வைத்திருக்கும் பீரோவுக்கு வாங்கலாமா என்று குடகு நண்பர் கேட்டிருந்தார். நாலு மழைக்காலம் அதே குடகில், அதே மாதிரி பீரோவில் போட்டுப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை நின்றுபோனது. இப்போது குழலைத் தின்பது சுட்டபின் தங்கும் கரி அல்ல, சும்மா கிடக்கிற கிடைதான்.

மணி நன்றாகவே ஈரம் குடிக்கிறது. பச்சையானதும் 120 டிகிரி ஓவனில் மூணு மணி நேரம் வைத்தால் பழையபடி ஆரஞ்சு. அதற்கு மேல் சூடேற்றினால் சாயம் கருகி, எப்போது நிறைந்தது என்றே தெரியாமல் போகும். ஆறும்வரை திறந்து வைத்தீர்களோ, பாதி ஈரத்தை அடுப்படியிலேயே குடித்துவிடும். மூடி போட்ட பாட்டிலில்தான் ஆறவேண்டும்.

எரிச்சல் எங்கே என்றால், ஜூலையில் அரை கிலோ மணி மூணே நாளில் பச்சை! குற்றம் மணியுடையதல்ல, பீரோ கதவின் இடுக்கு. வெளியே பெய்கிற மழையையே உறிஞ்சச் சொன்னால் அது என்ன செய்யும்? கதவைச் சுற்றி ரப்பர் பீடிங் ஒட்டியதும் மூணு வாரம் தாங்கியது. ஸ்பாஞ்ச் வைத்த உறையோடு உள்ளே வைத்தால் இதெல்லாம் வீண். ஸ்பாஞ்சில் இருக்கும் ஈரம் இரும்போடு ஒட்டியே கிடக்கும்.

எண்ணெய் தொடுவதையும் கைவிட முடியாது. ப்ளூயிங் என்பது குழல் இரும்பின் மேல் இருக்கும் கருநீலப் படலம், நுண்துளை உள்ளது. எண்ணெய் இல்லாவிட்டால் துரு அதற்குள்ளேயே புகும். முதலில் பிடிப்பது ரிப்பும் (குழல் நெடுக ஓடும் பட்டை) குழலும் சேரும் ஓரம், முன்கட்டைக்கு அடிப்பக்கம், விரல் படும் ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றிய வளையம்). தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் காறிவிடும், வேண்டாம். துப்பாக்கி எண்ணெய் நாலே சொட்டு, துணியில் தொட்டு. பிறகு குழல்வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள்; நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் வடிந்து கட்டையின் கழுத்து மரம் ஊறி மெத்தென்று ஆகும். செம்புள்ளி தெரிந்தால் 0000 ஸ்டீல் வூல் (மிக மெல்லிய இரும்பு நார்), எண்ணெய் தொட்டு, அழுத்தாமல். உப்புத்தாள் ப்ளூயிங்கையே உரித்துவிடும்.

செப்டம்பரில் குடகர்கள் ஆயுதத்துக்குப் பூஜை போடும் கைல் முகூர்த்தத்தில் குழல்வாயில் செருகும் தோக்குப்பூ (நம் செங்காந்தள்தான்) காம்போடு தண்ணீரையும் கொண்டுவரும். பூஜை முடிந்த அன்று ராத்திரியே எடுத்து, உலர்ந்த துணியைக் குழலுக்குள் விட்டுத் துடைத்து, எண்ணெய் தொடுங்கள். மறுநாள் என்றால் வாய் விளிம்பில் வளையமாகப் பிடித்திருக்கும்.

இத்தனை வேலை செய்கிற பொருளுக்கு ரெண்டு ஸ்டார்தான் தருகிறேன். வாரம் ரெண்டு தடவை ஓவன் போட்ட கடுப்பு இன்னும் போகவில்லை. வாங்காதீர்கள், முதலில் பீடிங் ஒட்டுங்கள்.