‘ரேஞ்ச்ஃபைண்டர் செட் பண்ணியாச்சு’ என்று சொல்லி 14,500 ரூபாயைச் சுருட்டினார்கள்

பழைய பொருள் விற்கும் ஒரு தளத்தில் ஜோர்க்கி-4 என்ற பழைய ரஷ்ய ஃபிலிம் கேமரா வாங்கி 14,500 ரூபாய் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அடுத்தவர் மாட்டக் கூடாது.

“ஃபுல் சர்வீஸ், ரேஞ்ச்ஃபைண்டர் செட் பண்ணியாச்சு, ஃபிலிம் போட்டுப் பார்த்தது” என்று விற்றவர் போட்டிருந்தார். ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் ஃபோகஸ் பார்க்கும் பாகம்: இரண்டாகத் தெரியும் உருவம் ஒன்றாகச் சேர்ந்தால் ஃபோகஸ் சரி. கூடவே ஜூபிடர்-8 லென்ஸ். ஃபோனில் அந்த ஆள் பேசிய விதத்தில்தான் நம்பிக்கை வந்தது. மாஸ்கோ பக்கம் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்தது, சீரியல் நம்பரின் முதல் இரண்டு இலக்கம் வருஷம், இது 71 என்றார். “தம்பி, ஃபிலிமை வைண்ட் பண்ணின பிறகுதான் ஷட்டர் ஸ்பீடு மாத்தணும், இல்லேன்னா உள்ளே கெட்டுப்போயிடும்” என்று அக்கறையாகச் சொன்னார். அத்தனையும் உண்மை. இவ்வளவு தெரிந்தவரை யார் சந்தேகப்படுவார்கள்? வீடியோவும் வந்தது: ஜன்னல் கம்பி இரண்டாகத் தெரிந்து, லென்ஸைத் திருப்பத் திருப்ப ஒன்றாகச் சேர்கிறது. அன்று இரவே 14,500 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அதை ஃபிலிமில் எடுக்கத்தான் இந்தக் கேமராவே. லேப் அனுப்பிய ஸ்கேனில் அப்பா அம்மா முகம் மங்கல், பின்னால் இருக்கிற தூண் கத்தி மாதிரி கூர்மை. வெயிலில் எடுத்த படங்களில் வானமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அந்த மாலை மாற்றும் நேரம் திரும்ப வருமா?

அவரிடம் சொன்னால், முதலில் “ஃபிலிம் பழசா இருக்கும்” என்றார். அப்புறம் “நீங்க வைண்ட் பண்ணாம ஸ்பீடு மாத்தியிருப்பீங்க” என்று, எனக்குச் சொல்லிக்கொடுத்ததையே என் மேல் திருப்பினார். நான் ஒரு தடவைகூட அப்படி மாற்றவில்லை. மாற்றினாலும் ஃபோகஸ் ஏன் தப்பப் போகிறது? கடைசியாக “ரஷ்யன் கேமரான்னா அப்படித்தான் தம்பி” என்று சொல்லி நம்பரை பிளாக் செய்துவிட்டார். தளத்தில் புகார் கொடுத்தால், பணம் வெளியே கைமாறியதால் அவர்கள் பொறுப்பில்லையாம். 14,500 ரூபாய்!

பழைய மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். லென்ஸை முடிவிலிக் குறி வரை, அதாவது ரொம்பத் தூரத்துக்கான இடம் வரை, திருப்பியும் தூரத்துக் கோபுரம் இரண்டாகவே நின்றது. முன்பக்கத்துச் சின்னத் திருகுக்குள் இருக்கும் இன்னொரு திருகைத் திருப்பினால் தீருகிற வேலை இது. ‘செட் பண்ணியாச்சு’ என்றவர் அதைத் தொடவே இல்லை, ஜன்னல் கம்பியைக் காட்டியே முடித்துவிட்டார். லென்ஸ் பக்கம் டார்ச் அடித்தால், ஃபிலிமுக்கு முன்னால் வெளிச்சத்தை மறைக்கும் ஷட்டர் துணியில் ஓட்டை ஓட்டையாக வெளிச்சம்; வானத்தில் வந்த வெள்ளைப் புள்ளி இதுதான். மேலே கறுப்பு பெயிண்ட் பூசி மறைத்திருக்கிறார், அது வெடித்து உதிர்கிறது. துணி மாற்றினால்தான் கேமரா.

வாங்குவதாக இருந்தால்: ஜன்னல் கம்பி வீடியோவை நம்பாதீர்கள். லென்ஸ் முடிவிலியில் இருக்க, தூரத்துக் கோபுரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பின்மூடியைக் கழற்றி, லென்ஸ் பக்கம் டார்ச் அடித்து ஷட்டர் துணியைக் காட்டச் சொல்லுங்கள். கையில் வாங்கிப் பார்க்காமல் பைசா அனுப்பாதீர்கள்.

அதே ஆள் இப்போது தங்க நிறத்தில் ‘உலகப்போர் கால லைக்கா’ என்று ஒன்றைப் போட்டிருக்கிறார். லைக்கா விலை உயர்ந்த ஜெர்மன் கேமரா; ஜோர்க்கி, ஃபெட் இரண்டும் அதைப் பார்த்துச் செய்த சோவியத் கேமராக்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே மேலே பாருங்கள்: லைக்காவில் உருளும் சின்னச் சக்கரம் இருக்கும். சக்கரம் இல்லாமல் சரிவாக ஒரு நாக்கு இருந்தால் அது ஜோர்க்கியோ ஃபெட்டோதான். தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள்.