பாறையா, பொழியா, வள்ளமா? பூவாறு முதல் மணக்குடி வரை கோடைத் தூண்டில்

மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் தமிழ்நாடு–கேரள எல்லையூரான களியக்காவிளைக்கு இரு பக்கமும் தூண்டில் கம்புகள் வெளியே வந்துவிடும். பாறசாலையோ மார்த்தாண்டமோ நாகர்கோவிலோ, எங்கிருந்து கிளம்பினாலும் கடல் அருகில்தான். எங்கே நின்று வீசுவது என்பதில்தான் சண்டை. முட்டம், கடியப்பட்டணம் கரைப்பாறைகளும் ஊருக்கு ஊர் கடலுக்குள் நீளும் கல்தடுப்புகளான தூண்டில் வளைவுகளும் ஒரு வழி. ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டணம், மணக்குடி, பூவாறு பொழிமுகங்களில் உயிர் இறால் கோத்துப் போடுவது இன்னொரு வழி. நாலு பேர் காசு சேர்த்து ஃபைபர் வள்ளம் பேசி, பக்கத்துப் பாருக்கு (கடலடிப் பாறைத்திட்டு) போவது மூன்றாவது.

பெரிய மீன் வள்ளத்துக்குத்தான் விழும்; அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இந்தக் கரையில் மார்ச் மாதக் கடலும் மே மாதக் கடலும் ஒன்றல்ல. மாதத்தைப் பார்த்துத்தான் இடத்தை முடிவுசெய்ய வேண்டும். மார்ச்சில் வள்ளம், ஏப்ரல் பாதிவரை பாறை, அதன் பிறகு பொழி. இதுதான் நம் கணக்கு.

கடல் எப்போது எப்படி

மார்ச் மாதம் அதிகாலையில் கரைக்காற்று மெல்ல அடிக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். முற்பகல் தாண்டினால் கடற்காற்று பிடிக்கும். பிறகு ஜிக் (உலோகப் போலி இரை) நேராக இறங்காது, வீச்சும் நீளாது. ஆகவே எந்த வழியானாலும் விடியலுக்கு முன்பே இடத்தில் இருக்க வேண்டும். ஏப்ரல் பாதிக்குமேல் கள்ளக்கடல் அபாயம் கூடும். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயலிலிருந்து வரும் நீண்ட அலை அது. இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றே இருக்காது, திடீரென்று கடல் ஏறும். 2024 மே தொடக்கத்தில் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழுத்துப்போனது இப்படிப்பட்ட அலைதான். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. கிளம்பும் முன் இரவில் அதைப் பார்க்காதவர் பாறைக்குப் போக வேண்டாம்.

தடைக்காலமும் கணக்கில் வர வேண்டும். குமரி மாவட்டத்தின் கிழக்குக் கரையில், சின்னமுட்டம் பக்கம், விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டுப்படகுக்கும் தூண்டிலுக்கும் இது பொருந்தாது. ஆனால் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். வள்ளக்காரர் உங்களை ஏற்றுவதைவிடத் தன் தொழிலுக்குப் போவதையே விரும்புவார்.

வள்ளம்

இலக்கு 20 முதல் 40 மீட்டர் ஆழத்துப் பார். கலவா, விளமீன், பாரை ஆகியவை அடியில். நெய்மீன், சூரை, ஊழி நடுத்தண்ணீரிலும் மேலேயும். ஜிக் எடைக்கு எளிய கணக்கு: மீட்டர் ஆழத்துக்கு 2 முதல் 3 கிராம். 30 மீட்டரில் 60 கிராமில் தொடங்கி, நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்தால் 100 கிராமுக்குப் போகலாம். இறங்கும் நூல் செங்குத்தாக இல்லாமல் வெகுவாகச் சாய்ந்துகொண்டே போனால் எடை போதவில்லை என்று பொருள். அந்தச் சாய்வோடு அடி தேடினால் பாரில் மாட்டி ஜிக் போகும்.

கம்பு 6 முதல் 6.5 அடி. கரையில் வீசும் 9 அடிக் கம்பை வள்ளத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. முதல் பெரிய மீனிலேயே இடுப்பு சொல்லிவிடும். பிரெய்டு (பின்னல் நூல்) பி.இ. 2 அல்லது 3 (பி.இ. என்பது நூலின் தடிமன் எண்), அதன் முனையில் கட்டும் தடித்த நூலான லீடர் 50 பவுண்டு. கலவா கடித்ததும் கல்லிடுக்குக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று மீட்டர் தூக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் அடியில் ஜிக் ஆட்டும்போது டிராக் (ரீலின் நூல்பிடி) இறுக்கமாகவும், நெய்மீனைத் தேடி மேல்தண்ணீரில் இழுக்கும்போது தளர்வாகவும் இருக்க வேண்டும். நெய்மீனின் வாய்ச்சதை மெல்லியது. இறுக்கினால் கிழிந்து போகும். அதன் பல்லுக்கு 15 செ.மீ. கம்பித் துண்டு வேண்டும்.

பார் எங்கே என்பதை ஜி.பி.எஸ். காட்டுமே என்று நினைக்கலாம். கரையில் தெரியும் மலைமுகட்டையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்து இடம் பிடிக்கும் மூத்த மீனவர் வள்ளத்தில் இருந்தால் வேலை பாதி குறையும். பாரின் எந்த ஓரத்தில் மீன் நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். நீவாடு வந்து மோதும் பக்கத்துக்கு மேலே போய், எஞ்சினை நிறுத்தி, பாரின்மேல் மிதந்து வருவதுதான் முறை.

பேசி முடிக்க வேண்டியவை மூன்று. எரிபொருள் வாடகைக்குள்ளா வெளியேவா? பிடித்த மீன் யாருக்கு? எந்தக் கரையில் ஏறுவது? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை; அதுதான் முக்கியம். மணற்கரையிலிருந்து அலையை வெட்டித் தள்ளும் வள்ளம் பழக்கமில்லாதவருக்கு ஆகாது. குளச்சல், முட்டம் போலத் துறைமுகமாகப் பாருங்கள். தேங்காப்பட்டணத் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை உடைந்து வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. அலை இருக்கும் நாளில் அங்கிருந்து ஏறவே வேண்டாம். இன்னொன்று, இந்தக் கரையின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு மட்டுமே விடுப்பு உள்ளவர்களுக்கு வள்ளம் பெரும்பாலும் கிடைக்காது.

ஐஸ் இல்லாமல் போவதும் கூடாது. சூரையும் அயலையும் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. பிடித்ததும் செவுளை வெட்டி இரத்தம் வடித்து ஐஸுக்குள் போட வேண்டும்.

பாறையும் தூண்டில் வளைவும்

இணையத்தில் அதிகம் புகழப்படுவது இதுதான். நம் பார்வையில் அளவுக்குமீறிப் புகழப்படுவதும் இதுதான். வாடகை இல்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை, படமும் நன்றாக வரும். ஆனால் நல்ல மீன் விழும் நேரம் விடியலை ஒட்டிய ஒன்றரை மணி நேரம், அந்தியில் இன்னொரு முக்கால் மணி நேரம், அவ்வளவே. நடுப்பகலில் தெளிந்த தண்ணீரில் பாரையும் கட்டாவும் கரைக்கு வருவது அபூர்வம்.

9 முதல் 10 அடிக் கம்பு, 20–60 கிராம் வீசக்கூடியது; 4000 அல்லது 5000 அளவு ரீல்; பி.இ. 2 பிரெய்டு 200 மீட்டர். 40–50 பவுண்டு லீடர் ஒன்றரை மீட்டர். லீடரை ஏன் இவ்வளவு நீளம் வைக்க வேண்டும்? முட்டம் முதல் இனயம் வரை பாறைகளில் சிப்பி அப்பியிருக்கும். சிப்பியின் ஓரம் பட்டால் பிரெய்டு நொடியில் அறும். தடித்த லீடர் ஓரிரு உரசலைத் தாங்கும். மீன் ஒவ்வொன்றுக்குப் பின்பும் லீடரை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சு, இருட்டில் அது வராது என்றால் இரட்டை யூனி. யூனி வளையங்களில் தட்டும், வீச்சு கொஞ்சம் குறையும், வேறு நட்டமில்லை.

டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து வைப்பது பலருக்கும் பழக்கம். தூக்குத் தராசில் மாட்டிப் பாருங்கள். உதாரணமாக, 30 பவுண்டு நூல் சுமார் 13.5 கிலோ தாங்கும். அதில் நாலில் ஒரு பங்கு, ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. அதற்குமேல் வைத்தால் அறுவது பெரும்பாலும் முடிச்சில்தான்.

முதலில் 30–40 கிராம் மெட்டல் ஜிக். பின்னால் தொங்கும் மூமுள்ளைக் கழற்றிவிட்டு, தலையில் மட்டும் அசிஸ்ட் முள் (சிறு நூலில் தொங்கும் முள்) கட்டினால் பாறையில் மாட்டுவது வெகுவாகக் குறையும். முதல் வீச்சில் ஜிக் தரை தொடும்வரை எண்ணுங்கள். ஒன்பதில் தொட்டால், அடுத்த வீச்சில் ஏழில் இழுக்கத் தொடங்குங்கள். இதைச் செய்யாததால்தான் ஒரே காலையில் நாலைந்து ஜிக்குகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். தண்ணீர்மேல் இழுக்கும் போலி இரைகளான பாப்பர், பென்சில் எல்லாம் மேலே மீன் துரத்துவது கண்ணில் படும்போது மட்டும். ஊழி இருக்கும் இடத்தில் கம்பி கட்டினால் நூல் தப்பும், ஆனால் பாரை சந்தேகப்படும். கம்பி இல்லாமல் இரண்டு முறை அறுந்தால் கட்டுங்கள், முன்னதாக வேண்டாம்.

பாறையில் ஏறும் முன் இருபது நிமிடம் சும்மா நின்று பாருங்கள். அலை கூட்டம் கூட்டமாக வரும். பெரிய கூட்டம் எந்தக் கல்வரை நனைக்கிறதோ அதற்கு மேலே உலர்ந்த கல்லில்தான் நிற்க வேண்டும். பாசி படர்ந்து கறுத்த பகுதி கடலுக்குச் சொந்தம். மீனை எடுக்கக் கீழே இறங்கக் கூடாது. ஏறிவரும் அலையோடு மீனைத் தூக்கி விட்டு, நீண்ட காம்புள்ள வலையிலோ கொக்கியிலோ பிடிக்க வேண்டும். இந்தக் காம்பு இல்லாமல் வருகிறவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள். தூண்டில் வளைவில் ஆபத்து வேறு வகை: கற்களுக்கும் நாற்கால் கான்கிரீட்டுக்கும் இடையே உள்ள குழிகள். தலைவிளக்கு கட்டாயம்.

கரமடி வலை இழுக்கும் இடத்திலும் சிப்பி எடுக்க ஆள் முங்கும் இடத்திலும் வீசக் கூடாது. தண்ணீரில் ஆள் இருப்பதற்கு அடையாளம் பெரும்பாலும் ஒரு மிதப்பு மட்டுமே.

பொழிமுகம்

படம் எடுக்க ஒன்றுமில்லாத இடம். ஆனால் புதியவருக்கும், மே மாதத்துக்கும், மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஒழிவு உள்ளவருக்கும் இதைவிட நல்லதில்லை. கொடுவா, செம்பல்லி, கிழங்கான், பாரைக்குட்டி ஆகியவை இங்கே எதிர்பார்க்கக் கூடியவை.

முதலில் பார்க்க வேண்டியது பொழி திறந்திருக்கிறதா என்பது. கோடையில் ஆற்றில் வரத்துக் குறைந்தால் அலை மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடும். மணக்குடியிலும் பூவாற்றிலும் இது நடப்பதுண்டு. அடைபட்ட பொழியில் நீர் நின்று பச்சையாகி, விடியலில் ஆக்சிஜன் குறைந்து, மீன் வாய் திறக்காது. அங்கே நாள் முழுக்க நிற்பதில் பயனில்லை.

திறந்திருந்தால் அடுத்தது ஏற்றமும் வற்றமும். இந்தக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் ஓட்டம் வலுவாக இருக்கும் நேரம் கொஞ்சம்தான். அமாவாசை, பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். வற்றம் தொடங்கி இரண்டாம் மணி நேரத்திலிருந்து உள்ளிருந்து இறால் வெளியே அடித்துவரப்படும். பாலத்தூண், கல்கட்டு, இவற்றின் பின்னால் ஓட்டம் சுழிக்கும் இடத்தில் கொடுவா காத்து நிற்கும். தூண்டில் ஓட்டத்தின் நடுவில் விழக் கூடாது. ஓட்டமும் அமைதியும் உரசும் கோட்டில் விழ வேண்டும்.

7 அடிக் கம்பு, 2500 அல்லது 3000 ரீல், பி.இ. 1, முக்கால் மீட்டர் 30 பவுண்டு லீடர். நூலில் ஓடும்படி 10–20 கிராம் ஈயக்குண்டு, ஸ்விவல் (சுழல் இணைப்பு), 1/0 அல்லது 2/0 வட்டமுள். உயிர் இறாலைத் தலைக்கொம்பின் அடியில், உள்ளே தெரியும் கறுத்த புள்ளியைத் தவிர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். புள்ளியில் குத்தினால் இறால் உடனே சாகும். ஓட்டம் வலுத்தால் வால் பக்கம் கோக்கலாம். வட்டமுள்ளுக்கு வெட்டி இழுக்கும் பழக்கம் ஆகாது. கம்பு வளையும்வரை பொறுத்து, ரீலை மட்டும் சுற்றினால் முள் தானாக வாயோரத்தில் ஏறும். இறாலைக் குழாய்த் தண்ணீரில் போட்டால் குளோரின் கொன்றுவிடும். பிடித்த இடத்துத் தண்ணீரும், பேட்டரி ஏரேட்டரும், வாளிமேல் ஈரச் சாக்கும் போதும்.

இங்கே தொல்லை இரண்டு. பேத்தை மீன் லீடரைக் கத்தரிக்கும், போலி இரையான ரப்பர் மீனின் வாலைத் தின்னும்; அது ஓயாமல் வந்தால் இடம் மாறுங்கள், சமையலுக்குக் கொண்டுபோகாதீர்கள், நஞ்சு. கெளிறு, ஓரா இரண்டுக்கும் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் தோல் வெந்துவிடாத, பொறுக்கும் சூட்டு வெந்நீரில் (ஏறக்குறைய 45 டிகிரி) அரை மணி நேரமாவது அமிழ்த்தினால் வலி அடங்கும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப்போவது நல்லது. முள் உள்ளே முறிந்திருந்தால் மருத்துவமனை.

கொடுவா சிறிதாக இருக்கும்போது ஆண், வளர்ந்த பின் பெண்ணாக மாறும் மீன். ஒரு மீட்டரை நெருங்குவது பெரும்பாலும் முட்டையிடும் பெண். அதைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுத்து விட்டுவிடுவது நியாயம். பொழியூருக்கு மேற்கே போகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு: பல மீன் இனங்களுக்குக் கேரள அரசு குறைந்தபட்ச அளவைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. கையில் அளவு நாடா இருக்கட்டும்.

ஒரே கம்பு வாங்க முடியும் என்றால்

8 அடி, 10–40 கிராம், 4000 ரீல், பி.இ. 1.5. தூண்டில் வளைவுக்கும் பொழிக்கும் இது ஓடும். இறாலுக்குச் சற்று முரடு, பாறைக்குச் சற்று மெலிவு, பொறுத்துக்கொள்ளலாம். வள்ளத்துக்கு மட்டும் ஆகாது. வருடத்துக்கு ஓரிரு முறை வள்ளத்தில் போகிறவர், துணைக்கு வருபவரிடம் குட்டைக் கம்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதே மலிவு.

மே கடைசியில் கச்சான் காற்று எழும்பி, கள்ளக்கடல் எச்சரிக்கையும் இருந்து, பொழியும் அடைந்து கிடந்தால், மூன்றுமே இல்லை. அந்த வாரம் ரீலை நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவி, டிராக்கை முழுக்கத் தளர்த்தி, காய்ந்ததும் நூல் ஓடும் உருளையான லைன் ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உப்பு முதலில் பிடிப்பது அந்த ரோலரைத்தான்.